கல்லீரல்: விதையும் நிலமும்

அரபு மொழியில் பெற்ற பிள்ளையை 'ஃபில்தத்துல் கபித்' என்று குறிப்பிடும் வழக்கு உண்டு. ஈரலிலிருந்து அரிந்தெடுத்த துண்டு என்பது அதன் பொருள். தமிழில் நமக்கு ஈரக்குலை பதறுவதுபோல், அரபியருக்கும் பாசமும் துயரமும் குடியிருக்கும் இடம் ஈரலே. 'கபித்' என்ற சொல் ஒன்றின் நடுவிடத்தையும் சுட்டும். உச்சி வானத்தை அவர்கள் 'வானத்தின் ஈரல்' என்பார்கள். இடரையும் கடும் உழைப்பையும் குறித்துத் திருமறையின் 90ஆம் அத்தியாயத்தில் வரும் 'கபத்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து கிளைத்ததே.

மொழி உவமையாகச் சொல்லி வந்ததை அறுவை மருத்துவம் நிகழ்வாகவே ஆக்கிவிட்டது. 1998 நவம்பரில் தில்லி இந்திரப்பிரஸ்தா அப்பல்லோ மருத்துவமனையில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த இரண்டு வயது நிரம்பாத ஆண் குழந்தைக்கு, அதன் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை அரிந்தெடுத்துப் பொருத்தினார்கள். பித்தநீர் வெளியேறும் நாளம் சரிவர அமையாமல் பிறந்த குழந்தை அது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் குழந்தை ஈரல் மாற்று அறுவை என்று அது பதிவாகியுள்ளது. அந்தக் குழந்தை பின்னாளில் மருத்துவம் பயின்று மருத்துவராகவும் ஆனார்.

இவ்வாறு ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தவர் குறைபட்ட ஈரலோடு காலம் தள்ளுவதில்லை. எஞ்சிய பகுதி சில வாரங்களிலேயே கணிசமாகப் பருத்து, சில மாதங்களில் ஏறத்தாழப் பழைய அளவை எட்டுகிறது. பெற்றவர் உடலிலுள்ள துண்டும் அவ்வுடலுக்குத் தேவையான அளவுக்கு வளர்கிறது. நம் உள்ளுறுப்புகளுள் இந்த ஆற்றல் இந்த அளவுக்கு வாய்த்தது கல்லீரல் ஒன்றுக்கே.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. மூன்றில் இரு பங்கை அரிந்தாலும் மீண்டு வரும் உறுப்பு, சிரோசிஸ் எனப்படும் ஈரல் சுருக்க நோயில் மட்டும் ஏன் கைவிரிக்கிறது? வெளியிலிருந்து செல்களைச் செலுத்தி அதனை மீட்டுவிடலாம் என்று கால் நூற்றாண்டாகச் சொல்லப்படும் வாக்குறுதியில் எவ்வளவு மெய்ப்பட்டிருக்கிறது? ஸ்டெம் செல் மருத்துவம் என்ற பெயரில் விளம்பரங்கள் பெருகியுள்ள இக்காலத்தில், நோயாளி ஒருவருக்காக நிலத்தையும் நகையையும் விற்க முனையும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

பழைய நூல்களும் நம் ஆர்வமும்

கிரேக்கப் புராணத்தில், பாறையில் பிணிக்கப்பட்ட ப்ரோமித்தியஸின் ஈரலைக் கழுகு பகலில் கொத்தித் தின்னும். இரவில் அது மீண்டும் வளர்ந்துவிடும். இதைக்கொண்டு பண்டைக் கிரேக்கர் ஈரலின் வளர்ச்சியை அறிந்திருந்தார்கள் என்று எழுதுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. கதையில் தண்டனை முடிவின்றித் தொடர வேண்டுமானால் உறுப்பு வளர்ந்தே ஆக வேண்டும்; அதற்கு உடற்கூற்றறிவு தேவையில்லை.

இதே எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். இப்னு சீனா (கி.பி. 980-1037) தமது 'அல்-கானூன்' நூலில் உறுப்புகளை இருவகையாகப் பிரிக்கிறார். விந்திலிருந்து உருவானவை என்று அக்காலத்தார் கருதிய எலும்பு, நரம்பு போன்றவை அறுபட்டால் இளமையில் சில நேர்வுகள் தவிர உண்மையாக ஒட்டிச் சேர்வதில்லை. இரத்தத்திலிருந்து உருவாகும் தசை போன்றவையோ குறைபட்டாலும் மீண்டும் தோன்றும். ஈரலையும் உறைந்த குருதியை ஒத்த சதையாகவே அவர் வருணிக்கிறார். இவ்விரண்டையும் ஒட்டவைத்து, ஈரல் மறுவளர்ச்சியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு சீனா கண்டறிந்துவிட்டார் என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. ஜாலீனூஸின் வழிநின்று, உணவுச் சாறு ஈரலில் சமைந்து இரத்தமாகிறது என்றே அவரும் கொண்டார். எந்த உறுப்பு மீளும், எது மீளாது என்று வகைப்படுத்திக் கேட்ட அந்தக் கேள்வியே அவருடைய பெருமை. அதற்குமேல் ஏற்றிச் சொல்வது அவருக்குப் புகழ் சேர்க்காது.

எலியின் ஈரல் சொன்ன பாடம்

முறையான ஆய்வு 1931இல் தொடங்கியது எனலாம். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் ஆகிய இருவரும் எலியின் ஈரலில் மூன்றில் இரு பங்கை அகற்றினால் ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்களில் பழைய எடை திரும்பிவிடுவதைக் காட்டினார்கள். இன்றளவும் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் கையாளப்படும் முறை அதுதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. வெட்டிய மடல் வெட்டிய இடத்தில் முளைப்பதில்லை. வெட்டப்படாத மடல்கள்தாம் பெருக்கின்றன. பல்லியின் வால் வளர்வதோடு இதனை ஒப்பிடுவது ஆகவே பொருந்தாது. வடிவம் திரும்புவதில்லை, அளவும் செயலும் திரும்புகின்றன.

இப்பணியைச் செய்வது எது? தனியான மூலச் செல் எதுவோ ஒளிந்திருந்து வந்து செய்வதாக நெடுநாள் எண்ணியிருந்தார்கள். மெய்யில், அன்றாடம் பித்தநீர் சுரந்து, நஞ்சை முறித்து, சர்க்கரையைச் சேமித்துக்கொண்டிருக்கும் சாதாரண ஈரல் செல்களே வேலையை விடாமல் பிளந்து பெருகுகின்றன. 1997இல் சுண்டெலிகளில் நடந்த ஓர் ஆய்வில், ஈரல் செல்களை ஓர் எலியிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று தொடர்ச்சியாக மாற்றி வைத்தபோது அவை குறைந்தது 69 முறை இரட்டிப்பானதாகக் கணக்கிட்டார்கள். 2022இல் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்மன் குழுவினர், அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கலந்த கதிரியக்கக் கார்பனை அளவுகோலாகக் கொண்டு மனித ஈரல் செல்களின் வயதைக் கணித்தார்கள். இருபது வயதினருக்கும் எண்பது வயதினருக்கும் ஈரல் செல்களின் சராசரி வயது மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. முதியவர் உடலிலும் ஈரல் இளையதே.

பெருகு என்ற கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1967இல் பாஸ்டனில் ஒரு விடை கிடைத்தது. மூல்ட்டன், பூச்சர் ஆகியோர் இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்து, ஒன்றின் ஈரலை மட்டும் அரிந்தார்கள். அரியப்படாத எலியின் ஈரலும் பெருகத் தொடங்கியது! ஆகவே செய்தி இரத்தத்தின் வழியே செல்கிறது என்று தெளிவாயிற்று. 1984இல் ஜப்பானில் நகமுரா குழுவினர் பிரித்தெடுத்த ஈரல் செல் வளர்ச்சிக் காரணி அச்செய்திகளுள் ஒன்று. குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் என்ற பெருஞ்சிரையின் ஓட்டம், பித்த அமிலங்கள், வீக்கத்தைத் தூண்டும் சில புரதங்கள் எனப் பல சேர்ந்தே இக்கட்டளை பிறக்கிறது. போதும், நிறுத்து என்ற கட்டளையும் உண்டு. சிற்றுடலின் ஈரலைப் பெரிய உடலில் பொருத்தினால் அவ்வுடலுக்கேற்ற அளவுவரை வளர்ந்து நின்றுவிடுகிறது. எந்த அளவில் நிற்பது என்று அது எப்படி உணர்கிறது என்பது இன்னும் முழுமையாக விளங்கவில்லை.

நிலம் கெட்டால்

சிரோசிஸ் என்ற பெயரை 1819இல் சூட்டியவர், ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக். நோயுற்ற ஈரலின் பழுப்பேறிய மஞ்சள் நிறத்தைக் கண்டு கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து அப்பெயரை ஆக்கினார். நிறத்தைவிட முக்கியமானது இறுக்கம்.

கத்தியால் அரிந்த ஈரலுக்கு ஒருமுறைதான் காயம். நாட்பட்ட நோயில் காயம் நாள்தோறும் நிகழ்கிறது. பி, சி வகை மஞ்சள் காமாலை வைரஸ்கள், மது, ஈரலில் படியும் கொழுப்பு ஆகியவை பெருங்காரணங்கள். ஈரல் செல்களுக்கும் நுண்குழாய்களுக்கும் இடையே, 1876இல் குப்ஃபர் என்ற ஜெர்மானியர் கண்டு எழுதிய விண்மீன் வடிவச் செல்கள் இருக்கின்றன. நலமாக இருக்கையில் வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து வைப்பதே அவற்றின் பணி. காயம் ஓயாதபோது அவை தம் சேமிப்பைக் கைவிட்டு, உருமாறி, நார்களை உற்பத்தி செய்யத் தொடங்குகின்றன. புண்ணை மூடும் தழும்பு போன்றதே அந்நார். ஒருநாள் தழும்பு காப்பு. இருபதாண்டுத் தழும்பு சிறை. நார்ச்சுவர்கள் ஈரலைச் சிறு முடிச்சுகளாகப் பிரித்துவிடுகின்றன. இரத்தம் ஊடுருவ வழியின்றிப் பின்தங்குவதால் வயிற்றில் நீர் கோத்து மகோதரம் உண்டாகிறது. உணவுக்குழாயின் சிரைகள் புடைத்து வெடிக்கின்றன. முடிச்சுகளுக்குள் அடைபட்ட ஈரல் செல்களோ ஓயாமல் பிளந்து பிளந்து களைத்துப் போனவை. குரோமோசோம் நுனிகளிலுள்ள டெலோமியர் சிரோசிஸ் ஈரலில் தேய்ந்து குறுகியிருப்பதை 2002இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆக, இந்நோயில் விதையும் தளர்கிறது, நிலமும் கெடுகிறது. ஆயினும் முதற்கேடு நிலத்தில்தான். இதை மனத்தில் இருத்திக்கொண்டால், இனிச் சொல்லப்போகும் சோதனைகள் ஏன் அவ்வாறு முடிந்தன என்பது எளிதில் புலப்படும்.

இடையில் ஒரு சொல். நம் சமூகத்தில் ஒருவருக்குச் சிரோசிஸ் என்றவுடன், இவர் மறைவில் குடித்திருப்பாரோ என்று மையத்து வீட்டுத் திண்ணையிலேயே கிசுகிசுப்பவர்கள் இருக்கிறார்கள். மதுவைத் தொடாதவருக்கும் வைரஸால், நீரிழிவால், உடற்பருமனால் இந்நோய் வருகிறது. மது சாராத கொழுப்பு ஈரல் என்று முன்பு அழைக்கப்பட்டதை, வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த நோய் என்று 2023இல் மருத்துவ உலகம் பெயர் மாற்றியதற்கு இந்தப் பழியை நீக்குவதும் ஒரு காரணம். பிறரைப் பற்றிய தீய ஊகம் மார்க்கத்தில் வெறுக்கப்பட்டது என்பதை நாம் எவருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

விதைத்துப் பார்த்தவை

ஈரல் செல்களையே பிரித்தெடுத்துச் செலுத்துவது முதல் முயற்சி. நம் நாட்டிலும் அது முன்கூட்டியே நடந்தது. ஹைதராபாத்தின் டாக்டர் ஹபீபுல்லாஹ் குழுவினர், திடீர் ஈரல் செயலிழப்புக்கு உள்ளான ஏழு பேருக்கு மனிதக் கருவின் ஈரல் செல்களை வயிற்றறைக்குள் செலுத்திய அனுபவத்தை 1994இல் வெளியிட்டார்கள். ஏழு பேரை வைத்து முடிவு சொல்ல இயலாது எனினும், உலக இலக்கியத்தில் இன்றும் குறிப்பிடப்படும் முயற்சி அது. 1998இல் அமெரிக்காவில், பித்தநிறமியைக் கரைக்கும் நொதி பிறவியிலேயே இல்லாத பத்து வயதுச் சிறுமிக்கு 750 கோடி ஈரல் செல்களைப் போர்ட்டல் சிரை வழியே செலுத்தினார்கள். நிறமியின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆயினும் நோய் முற்றாக நீங்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து அவளுக்கு முழு ஈரல் மாற்று தேவைப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, அச்சிறுமியின் ஈரல் நிலம் கெடாதது என்பதே. குறைபட்டது ஒரு நொதி மட்டும். சிரோசிஸ் ஈரலில் இவ்வளவும்கூடக் கிடைக்கவில்லை.

1999, 2000 ஆண்டுகளில் ஒரு பெரும் பரபரப்பு. எலும்பு மஜ்ஜையின் செல்கள் ஈரல் செல்களாகவே மாறிவிடுகின்றன என்று புகழ்பெற்ற ஆய்விதழ்களில் அடுத்தடுத்துக் கட்டுரைகள் வந்தன. பிறர் ஈரலுக்குக் காத்திருக்க வேண்டாம், நம் எலும்புக்குள்ளேயே மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. 2003இல் 'நேச்சர்' இதழில் ஒருசேர வெளிவந்த இரு ஆய்வுகள் அந்த நம்பிக்கையின் அடித்தளத்தை அசைத்தன. சோதனை எலிகளில் மஜ்ஜைச் செல் ஈரல் செல்லாக மாறவில்லை. ஏற்கெனவே இருந்த ஈரல் செல்லோடு இணைந்து ஒன்றாகியிருந்தது. இரண்டின் அடையாளமும் ஒரே செல்லில் தெரிந்ததால் மாற்றம் என்று தோன்றியது. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொண்ட நேர்த்தியான நிகழ்வு இது. ஆனால் திருத்தம் வந்த வேகத்தில் விளம்பரங்கள் திருந்தவில்லை. எலும்பு மஜ்ஜை ஈரலாகிறது என்ற வாசகத்தை இன்றும் காண முடிகிறது.

அதன்பின் மஜ்ஜை, தொப்புள்கொடி, கொழுப்புத் திசு ஆகியவற்றிலிருந்து எடுக்கும் மெசன்கைமல் ஸ்டெம் செல்கள் முன்னுக்கு வந்தன. இவை ஈரலாக மாறும் என்று இப்போது எவரும் வற்புறுத்துவதில்லை. சிரைவழி செலுத்தினால் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிச் சில நாட்களில் மறைந்துவிடுகின்றன. மறைவதற்குள் அவை சுரக்கும் பொருள்கள் வீக்கத்தைத் தணிக்கலாம் என்பதே இன்றைய விளக்கம்.

மனிதரில் கிடைத்த முடிவுகளோ கலவையானவை. கெய்ரோவிலிருந்து 2010ஐ ஒட்டி வந்த சிறு ஆய்வுகள் முன்னேற்றம் கூறின. ஈரானில் 27 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் செல்களும் மறு பிரிவினருக்கு வெறும் திரவமும் செலுத்தி ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வந்தது. பயன் ஏதும் காணப்படவில்லை. 2016இல் தென் கொரியாவில் மதுவால் சிரோசிஸ் வந்த 72 பேரிடம் நடந்த ஆய்வில், ஒருமுறை செல் பெற்றவர்களுக்கு நார்ப்பகுதி நான்கில் ஒரு பங்கும், இருமுறை பெற்றவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் குறைந்ததாகத் திசுப் பரிசோதனை காட்டியது. சீனாவில் 219 பேரை நெடுநாள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, தொப்புள்கொடிச் செல் பெற்றவர்கள் ஓராண்டுக்குப் பின்னர் கூடுதலாக உயிர்வாழ்ந்ததாக 2021இல் தெரிவித்தது. பிரிட்டனில் 81 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வோ நேர்மாறு. மஜ்ஜைச் செல்களைத் தூண்டும் ஊசியும், அவரவர் செல்களைத் திரட்டித் திருப்பிச் செலுத்துவதும் ஈரலின் நிலையை உயர்த்தவில்லை. சிகிச்சை பெற்றோரிடம் சிக்கல்களும் மிகுதியாகவே இருந்தன.

ஒரே கேள்விக்கு இப்படி வெவ்வேறு விடைகள் வருமாயின், ஹதீஸ் கலையில் நாம் செய்வதைப் போல அறிவிப்பின் தரத்தை எடைபோட வேண்டும். ஒப்பிடும் பிரிவு இருந்ததா? பிரித்தது குலுக்கலிலா, மருத்துவரின் விருப்பத்திலா? அளந்தவருக்கு எவர் எந்தப் பிரிவு என்பது தெரியுமா? இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கையில், செல் சிகிச்சை சிரோசிஸுக்கு நிறுவப்பட்ட மருத்துவம் என்று கூறும் நிலை இன்னும் வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும், இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான நிறுவப்பட்ட மஜ்ஜை மாற்று தவிர்த்த ஸ்டெம் செல் பயன்பாடு அனைத்தும் பதிவு பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்க வேண்டும் என்கின்றன. ஆய்வுக்கு உட்படுபவர் ஆய்வுக்கு உதவுகிறவர். அவரிடம் இலட்சக்கணக்கில் பணம் கேட்பவர் செய்வது ஆய்வன்று, வணிகம்.

நிலத்தைத் திருத்தியபோது

எகிப்தின் கதை இவ்விடத்தில் மிகப் பொருந்தும். நைல் நதிக் கரை உழவர்களை வாட்டிய நத்தை வழிப் பரவும் பில்ஹார்சியா நோயை ஒழிக்க, 1950களிலிருந்து 1980கள் வரை அங்கே ஆண்டிமனி கலந்த மருந்தைச் சிரையில் ஊசியாகப் போட்டார்கள். சரிவரக் கொதிக்க வைக்காத ஊசிகள் பலருக்கும் மாறி மாறிப் பயன்பட்டதில், அன்று பெயரே இல்லாதிருந்த சி வைரஸ் ஒரு தலைமுறை முழுவதிலும் பரவியது. 2008 கணக்கெடுப்பில் 15 முதல் 59 வயதினருள் 14.7 சதவீதத்தினரிடம் அதன் அடையாளம் இருந்தது. நன்மை நாடிய திட்டத்திலிருந்தே உலகின் மிகப்பெரிய ஈரல் நோய்ச் சுமை விளைந்தது.

2013 இறுதியில் சொஃபோஸ்புவிர் என்ற மாத்திரை வந்தது. அமெரிக்காவில் ஒரு சிகிச்சைக் காலத்துக்கு 84,000 டாலர் விலை. எகிப்து பேரம் பேசி 900 டாலருக்குப் பெற்றது, பின்னர் உள்நாட்டிலேயே மேலும் மலிவாகத் தயாரித்தது. 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை, ஏழு மாதங்களில் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பரிசோதித்தார்கள். சிகிச்சை முடித்து மறுசோதனைக்கு வந்தவர்களுள் 98 சதவீதத்துக்கு மேற்பட்டோரின் உடலிலிருந்து வைரஸ் நீங்கியிருந்தது. 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், இந்நோயை ஒழிக்கும் பாதையில் தங்கத் தகுதி பெற்ற முதல் நாடாக எகிப்தை அறிவித்தது.

ஈரல் மறுவளர்ச்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தாக்குதல் நின்றவுடன் ஈரல் தன் வேலையைத் தானே தொடங்கிவிடுகிறது என்பதே தொடர்பு. இதற்குத் துல்லியமான சான்று பி வைரஸ் நோயில் கிடைத்தது. டெனோஃபோவிர் மாத்திரையை ஐந்தாண்டு உட்கொண்டவர்களின் ஈரல் திசுவை முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் 'லான்செட்' இதழில் வந்தது. தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு, அதாவது 74 சதவீதத்தினருக்கு, ஐந்தாண்டின் முடிவில் சிரோசிஸ் இல்லை. மீளாதது என்று பாடநூல்கள் முத்திரை குத்தியிருந்த தழும்பு கரைந்திருந்தது. இந்த மருந்து ஒரு செல்லைக்கூட விதைக்கவில்லை. களையை மட்டும் பிடுங்கியது. மகோதரமும் நினைவு மயக்கமும் வந்து முற்றிய நிலையில் இவ்வளவு மீட்சியை எதிர்பார்க்க இயலாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால்தான் நோய் வெளித் தெரியாத காலத்திலேயே ஓர் இரத்தப் பரிசோதனை அத்தனை மதிப்புடையதாகிறது.

கொழுப்பு ஈரல் நோயிலும் இதே திசையில் அடி எடுத்து வைத்துள்ளார்கள். நார் பெருகியும் சிரோசிஸ் ஆகாத நிலைக்கு, ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்தை 2024 மார்ச்சிலும், செமாக்ளுடைடை 2025 ஆகஸ்டிலும் அமெரிக்க மருந்து ஆணையம் ஏற்றது.

செல் ஆய்வாளர்களுள்ளும் சிலர் இப்போது விதையை விட்டு நிலத்தின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். எடின்பரோவில் ஸ்டூவர்ட் ஃபோர்ப்ஸ் குழுவினர், நோயாளியின் இரத்தத்திலிருந்தே வெள்ளணுக்களை எடுத்து, அவற்றை மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல்களாக வளர்த்துத் திருப்பிச் செலுத்துகிறார்கள். நாரைக் கரைத்து இறந்த செல்களை அகற்றுவது இவற்றின் இயல்பு. 2019இல் ஒன்பது பேரிடம் பாதுகாப்பு உறுதியானது. ஏறத்தாழ ஐம்பது பேர் பங்கேற்ற அடுத்த கட்ட ஆய்வின் முடிவு 2025இல் வந்தது. மூன்று மாதத்தில் ஈரலின் மதிப்பெண் சீர்பட வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த இலக்கு எட்டப்படவில்லை. ஆயினும் ஓராண்டுக் காலத்தில் ஈரல் சார்ந்த கடும் சிக்கலோ இறப்போ செல் பெற்ற பிரிவில் நேரவில்லை. பெறாத பிரிவில் நேர்ந்தன. எண்ணிக்கை சிறிது. பெரிய ஆய்வு நடந்தால்தான் தெரியும்.

முற்றிலும் வேறொரு வழியும் உண்டு. கெட்ட நிலத்தை விட்டுவிட்டு வேறு நிலத்தில் பயிரிடுவது! பிட்ஸ்பர்க்கில் எரிக் லகாஸ் என்பவரின் ஆய்விலிருந்து, ஈரல் செல்களை வயிற்றுப் பகுதியின் நிணநீர் முடிச்சில் செலுத்தி அங்கே சிற்றீரல் ஒன்றை வளர்க்கும் முறை பிறந்தது. 2024இல் முதல் நோயாளிக்கு இது செய்யப்பட்டது. மாற்று அறுவைக்குத் தகாது என்று ஒதுக்கப்படும் ஓர் ஈரலிலிருந்தே பலருக்கான செல்களைப் பெறலாம் என்பது இதன் கவர்ச்சி.

எங்கிருந்து வந்த செல்?

நம் வாசகர்களுக்கு இதில் இன்னொரு கேள்வியும் உண்டு. செல் எதிலிருந்து எடுக்கப்பட்டது? நம் துணைக்கண்டத்து உலமாக்களில் கணிசமானோர் மனித உறுப்பு மாற்றையே ஏற்கவில்லை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு அகாடமி 1988 பிப்ரவரியில் எடுத்த தீர்மானம் வேறு. இரத்தம், தோல்போலத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பை, தகுதியுள்ள ஒருவர் மனமுவந்து கொடுப்பது கூடும். இதயம்போல உயிர் நிலைக்கக் காரணமான உறுப்பை உயிருள்ளவரிடமிருந்து எடுப்பது கூடாது என்றது. முழு ஈரல் இரண்டாம் வகை. ஈரலின் ஒரு மடலோ, அதன் மறுவளர்ச்சியைக் கருதினால், முதல் வகையை நெருங்குகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது. அரிந்தெடுக்கும் அறுவையில் கொடுப்பவர் உயிருக்கும் சிறிதளவு ஆபத்து உண்டு என்பதால் இரத்த தானத்தோடு அதனைச் சமமாக்கவும் இயலாது.

ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை, ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹு அவை 2003 டிசம்பரில் மக்காவில் கூடி, பெரியவர்களின் திசு, தொப்புள்கொடி, தானாகக் கலைந்த கரு, கணவன் மனைவியரின் செயற்கைக் கருத்தரிப்பில் எஞ்சிய கரு ஆகியவற்றிலிருந்து அனுமதியோடு பெறலாம் என்றும், இதற்கென்றே கருவைக் கலைப்பதும் உருவாக்குவதும் கூடாது என்றும் வரையறுத்தது. மேலே கண்ட சிகிச்சைகளுள் பெரும்பாலானவை நோயாளியின் சொந்தச் செல்லையோ தொப்புள்கொடியையோ சார்ந்தவை. அவற்றில் இச்சிக்கல் எழவில்லை. ஹைதராபாத் முயற்சி போன்று கருவின் செல்லைக் கையாளுவதில்தான் அக்கரு எவ்வாறு கலைந்தது என்று கேட்க வேண்டியிருக்கும்.

கடினமான வினா இனி வரவிருக்கிறது. 2010இல் பாஸ்டனில் ஓர் எலியின் ஈரலிலிருந்து செல்களை முழுவதும் கழுவி அகற்றி, எஞ்சிய கொலாஜன் கூட்டில் புதிய செல்களைக் குடியேற்றினார்கள். மனிதருக்கு இதையே செய்ய அமெரிக்காவில் பன்றியின் ஈரல் கூட்டை எடுத்து, அதில் மனிதச் செல்களை வளர்த்து, உடலுக்கு வெளியே வைத்துச் சில நாட்கள் ஈரலுக்குத் துணைசெய்யும் கருவியை உருவாக்கியுள்ளார்கள். உப்பளத்தில் விழுந்து உப்பாகவே மாறிய பன்றி தூய்மையாகிவிடும் என்ற ஹனஃபீ மத்ஹபின் 'இஸ்திஹாலா' விதி இதற்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் கருத்து. கழுவப்பட்டதேயன்றிக் கொலாஜன் வேறொன்றாக மாறவில்லை. நம் கடலோர ஊர்களில் வழங்கும் ஷாஃபியீ மத்ஹபிலோ இஸ்திஹாலாவின் வட்டம் இன்னும் குறுகியது. ஆனால் அதே மத்ஹபில் இமாம் நவவீ தம் 'மின்ஹாஜ்' நூலில், முறிந்த எலும்பைப் பிணைக்கத் தூய எலும்பு கிடைக்காதபோது நஜிஸான எலும்பைக் கொண்டு பிணைத்தவர் மன்னிக்கப்பட்டவர் என்கிறார். ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன் எலும்பைப் பற்றி எழுதப்பட்ட அந்த விதி, ஈரல் கூட்டுக்கும் நீளக்கூடியது. அதிலுள்ள நிபந்தனை, தூயது கிடைக்காதபோது என்பது. டெஹ்ரானில் ஆட்டின் ஈரலைக் கழுவிக் கூடு தயாரிக்கும் ஆய்வுகள் ஏற்கெனவே வெளிவந்துள்ளன. அக்கூடு மனிதருக்குப் பயன்படும் நாளில் அந்த விலக்கு முடிவுக்கு வந்துவிடும்.